மேனேஜர் வயிற்றிலிருந்து வந்த சாட்சி

எலிக்காரர் தன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தார் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதிவிட்டீர்கள்! தேள் என்றார் ஒருவர். குண்டூசி என்றார் இன்னொருவர். மருமகள்தான் வேண்டுமென்றே எதையோ வைத்துவிட்டாள் என்று ஒரு அம்மா அடித்துச் சொல்லியிருக்கிறார். ஏன் அம்மா, அந்தப் பெண் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தாள்?

தேளும் இல்லை, ஊசியும் இல்லை. நாற்காலி மெத்தையில் வெள்ளையாக ஒரு துணுக்கு கிடந்தது.

"சோத்துப் பருக்கைங்க. இதுக்குப் போய் இப்படிக் கத்தறீங்களே" என்று அவர் மனைவி, அதாவது மருமகளின் மாமியார், அதை எடுக்கக் கை நீட்டினார்.

பருக்கை நீண்டது. பிறகு சுருங்கியது. பிறகு மெத்தையின் ஓரத்தைப் பார்த்து நடையைக் கட்டியது. மாமியார் போட்ட கூச்சலில் எலிக்காரர் போட்டது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக வீட்டு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எலிக்காரர் எலி ஒழிப்புக் கம்பெனி வைத்திருப்பவர். கீழே ஆபீஸ், மேலே வீடு. பெயர்ப்பலகையில் அவர் இடுப்பில் கை வைத்து நிற்பார், காலடியில் ஓர் எலி மல்லாந்து கிடக்கும். ஒரே மகன் சின்னவன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மாதிரி விஷம் வைக்க முடியாத இடங்களில் கூண்டுப் பொறி வைப்பதும், எலி விழுந்ததும் எடுத்து வந்து கதையை முடிப்பதும் அவன் வேலை. அவன் கட்டிக்கொண்டு வந்தவள் மிருக டாக்டர். தனியாகக் கிளினிக் இல்லாததால் மாடியில் சாப்பாட்டு மேஜை மேலேயே நாய், பூனைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வேளையும் அந்த மேஜையைக் கழுவிக் கழுவி அவள் கை வெளுத்துப்போயிற்று.

கீழே ஆபீசை ஒட்டி ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. தெருப் பக்கம் வாசல், நல்ல ஜன்னல், தண்ணீர்க் குழாய். கிளினிக்குக்கென்றே கட்டினது போல. அதைக் கேட்டுக் கேட்டு மருமகளுக்கு வாய் வலித்துப்போனதைத்தான் இத்தனை வாரமாகப் படித்துக்கொண்டு வருகிறீர்கள். எலிக்காரர் ஒரு வழியாகச் சரி என்று தலையாட்டிய பிறகும், சின்னவன் "பெயிண்ட் அடிச்சுட்டுத் தர்றேன்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறான்.

மிச்சம் இருப்பது மேனேஜர். மாமியாருடைய பூனை. ஆபீஸ் நாற்காலியில் உட்காரும், வருகிறவர் போகிறவரை முறைக்கும், வேலை எதுவும் பார்க்காது. பெயர் வந்த காரணம் அதுதான். கொழுகொழுவென்று இருக்கும். வெளியே விட்டால் கெட்டுப்போய்விடும் என்று மாமியார் வாசற்படி தாண்டவிட்டதில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை.

இனி, நாற்காலியைச் சுற்றி நின்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்த அந்தக் காலை நேரத்துக்கு வருவோம்.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று எலிக்காரர் மருமகளைப் பார்த்துப் பொரிந்தார். "கண்ட நாயையும் வீட்டுக்குள்ள ஏத்தாதேன்னு. நேத்து வந்ததே ஒரு குட்டி, பானை வயிறு, மேஜை மேலேயே வாந்தி எடுத்துதே..."

"அது உருளைப்புழு மாமா. நூல் மாதிரி நீளமா இருக்கும். தாய்கிட்டேருந்தே குட்டிக்கு வந்துடும். மருந்து கொடுத்து அனுப்பிட்டேன்."

"நீளமோ குட்டையோ, புழு புழுதானே? அங்கேருந்து இறங்கி என் நாற்காலிக்கு வந்துடுச்சு."

"படியில இறங்கியா மாமா?"

"கிண்டல் பண்ணாதே! உனக்கு ரூமைக் கொடுத்தா ஊர்ல இருக்கற புழுவெல்லாம் என் ஆபீசுக்குப் பக்கத்துலயே குடி வந்துடும். சொல்லிட்டேன், ரூம் கிடையாது. பேச்சு முடிஞ்சுது."

மருமகளுக்குச் சுரீர் என்றது. இத்தனை நாள் காத்து, கெஞ்சி, மாமியாரை வைத்துத் தூது அனுப்பி வாங்கின சம்மதம். ஒரு துணுக்குப் புழுவால் போகிறதா? அழுகை வந்தது. அழுதால் கோபம் ஆறிவிடும் என்று அழாமல், ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தப் புழுவைத் தள்ளி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

"இது யார் வயித்துலேருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சுட்டு வர்றேன் மாமா. அப்புறம் பேசலாம்."

"சீக்கிரம் கண்டுபிடி. மத்தியானம் ஆஸ்பத்திரி அம்மா வர்றாங்க" என்று அவர் பின்னாலேயே குரல் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி அம்மா என்பவர் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி. கட்டிடம் முழுவதும் எலி ஒழிப்பு வேலை யாருக்கு என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணி துவைக்கிறவர் வந்து ஒப்பந்தம் கேட்டால் அவர் வீட்டுப் படுக்கை விரிப்பைப் போய்ப் பார்ப்பார். சமையல்காரர் கேட்டால் அவர் வீட்டு அடுப்படியைப் பார்ப்பார். எலிக்காரர் கேட்டிருக்கிறார். எதைப் பார்க்க வருகிறார் என்று சொல்லவும் வேண்டுமோ?

மாடியில் மைக்ராஸ்கோப் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மருமகள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள். பிறகு எழுந்து போய், ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த மேனேஜரின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாலுக்கு அடியில், முடியில் ஒட்டிக்கொண்டு, அதே வெள்ளைத் துணுக்கு இன்னொன்று இருந்தது.

"அத்தை, இங்க கொஞ்சம் வாங்க."

மாமியார் முகத்தில் துணியைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"இது நாடாப்புழு அத்தை. உள்ள நீளமா நாடா மாதிரி இருக்கும். அதுல கண்ணி கண்ணியாக் கழண்டு வெளிய வரும். நம்ம மேனேஜருக்குத்தான்."

"ஐயோ, என் கண்ணுக்கா? ராத்திரியெல்லாம் என் தலைகாணியிலதானேடி தூங்குது! எனக்கும் வந்துடுமா?"

"எலி தின்னீங்களா?"

"சீ! என்ன பேச்சு இது?"

"அப்ப வராது. கையை மட்டும் நல்லாக் கழுவுங்க. பூனைக்கு நாடாப்புழு ரெண்டு வழியாத்தான் பொதுவா வரும் அத்தை. தெள்ளுப்பூச்சியை நக்கி முழுங்கினா ஒண்ணு வரும். அது வெள்ளரி விதை மாதிரி இருக்கும். இது அது இல்ல. பட்டையா இருக்கு, முட்டையும் வேற மாதிரி. இது எலியைப் பிடிச்சுத் தின்னாத்தான் வரும்."

மாமியார் முகத்தை மூடியிருந்த துணியை எடுத்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"என் பூனை எலி பிடிக்குதா!"

"ஆமா அத்தை, ஆனா..."

"தண்டச்சோறுன்னாரே! எலிக்காரன் வீட்டுல எலியே பிடிக்கத் தெரியாத பூனைன்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சாரே! இரு, இப்பவே போய்ச் சொல்றேன், மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்."

"அத்தை, நில்லுங்க! கொஞ்சம் யோசிங்க. மேனேஜர் வீட்டை விட்டு வெளிய போறதில்ல. அது எலி தின்னுதுன்னா..."

மாமியார் படியில் பாதி வழியில் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"எலி நம்ம வீட்டுல இருக்கு" என்றார்.

"ஆமா."

"எலிக்காரர் வீட்டுல."

"ஆமா அத்தை."

"ஐயையோ, மானம் கப்பலேறிடுமே" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மருமகளின் நிலைமையைப் பாருங்கள். புழு அவளிடம் வரும் நாய்களால் வரவில்லை என்பதற்குச் சாட்சி கையில் இருக்கிறது. அதைச் சொன்னால் ரூம் கிடைக்க வேண்டும். ஆனால் அதே சாட்சி, எலிக்காரர் வீட்டில் எலி ஓடுகிறது என்றும் சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு எந்த மாமனார் ரூம் கொடுப்பார்? நானாக இருந்தால் கண்ணாடிச் சில்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சும்மா இருந்திருப்பேன். இந்தப் பெண்ணுக்கு அது வராது. சின்ன வயதிலிருந்தே, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தபோது சின்னவனிடமே, "உங்க சட்டை நல்லா இல்ல" என்று சொன்னவள்.

சொல்லிவிட்டாள்.

எலிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டார்.

அந்த மனிதரைப் பற்றி ஆயிரம் குறை சொன்னாலும் தொழிலில் புலி. சுவர் ஓரமாகத் தவழ்ந்தே ஆபீஸ் முழுக்கப் போனார். பீரோவை நகர்த்தினார். அலமாரிக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்த்தார். எலி போகிற வழியில் சுவரில் படியும் அழுக்குக் கறை, புழுக்கை, கடித்த தூள், எதுவும் இல்லை. மாடிக்கு வந்து அடுப்படியைத் துழாவினார். கட்டிலுக்கு அடியில் படுத்தே போனார். அங்கே மேனேஜர் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள்.

"பக்கத்து ரூமையும் பாத்துடலாமா மாமா?" என்றாள் மருமகள்.

"அங்க இப்பதான் ரெண்டாவது கோட்டு அடிச்சிருக்கேன்" என்று சின்னவன் அவசரமாகக் குறுக்கே விழுந்தான். "கால் வெச்சா ஒட்டிக்கும். காலியா இருக்கற ரூம்ல எலிக்கு என்ன வேலை?"

"அதுவும் சரிதான். திங்க ஒண்ணுமில்லாத இடத்துல எலி தங்காது" என்று எலிக்காரர் முட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்தார். முகத்தில் ஒட்டடை. "இத பாரும்மா. தலைகீழா நின்னு தேடிட்டேன். என் கட்டிடத்துல எலி இல்ல. நீ இன்னொரு தரம் பாரு."

பார்த்தாள். "எலிப் புழுதான் மாமா."

"கண்ணாடி சரியில்லாம இருக்கும்."

"காலையிலதான் துடைச்சேன்."

எலிக்காரர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அந்த நாய்க்குட்டி பாவம், நேத்து வந்துதே. பானை வயிறு. அதுகிட்டேருந்து வந்ததா இருக்கக் கூடாதா?"

"காலையில அதுகிட்டேருந்து வந்துதுன்னு சொல்லித்தானே ரூம் கிடையாதுன்னீங்க?"

"காலையில சொன்னேன். இப்ப யோசிச்சுப் பாக்கறேன். டாக்டர் வீடுன்னா நாய் வரும், நாய்க்குப் புழு வரும், இதெல்லாம் சகஜம். எலி வர்றதுதான் சகஜம் இல்ல. ஆஸ்பத்திரி அம்மா ஏதாவது கேட்டா நீ நாய்க்குட்டின்னு சொல்லு. சாயங்காலமே ரூம் உனக்கு. பெயிண்ட் காயலேன்னாலும் பரவாயில்ல."

மருமகள் அந்த அறையில் எங்கே மேஜை போடுவது, எங்கே மருந்து அலமாரி வைப்பது, பூனைகளையும் நாய்களையும் ஒன்றையொன்று பார்க்காமல் எப்படி உட்காரவைப்பது என்று மனசுக்குள் எத்தனை தரம் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை. நாய்க்குட்டி கோர்ட்டுக்கா போகப்போகிறது?

"என்னால முடியாது மாமா. அவங்க கேக்கலேன்னா நானா வாயைத் திறக்க மாட்டேன். கேட்டாங்கன்னா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

"ரூம்?"

"போனாப் போகுது" என்றாள். போனால் போகுது என்று அவள் நினைக்கவே இல்லை.

எலிக்காரர் உர்ரென்று கீழே போனார். மேனேஜருக்குப் பூச்சி மாத்திரையாவது கொடுத்துவிடலாம் என்று இவள் திரும்பினாள். மாமியார் மாத்திரையை மீன் துண்டுக்குள் புதைத்து, "என் ராஜா, வீரா, எலி பிடிச்ச சிங்கமே" என்று கொஞ்சிக்கொண்டே வைத்தார். மேனேஜர் சாப்பிட்டது. தட்டை நக்கியது. நடுவில் மாத்திரை மட்டும் பளபளவென்று கழுவி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. சின்னவன் பிடித்துக்கொள்ள, இவள் வாயைத் திறக்க, அடுத்த நிமிஷம் சின்னவன் கையில் நாலு கோடு, மாத்திரை அலமாரிக்கு அடியில், மேனேஜர் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"நீங்க ஏன் காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டாள் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே.

"நானா? நல்லாத்தானே இருக்கேன்?" என்று சின்னவன் அசடு வழிந்தான். "எரியுது, அவ்வளவுதான்."

கீழே கார் வந்து நின்றது.

ஆஸ்பத்திரி அம்மா ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். கறுப்புக் கைப்பை. சிரிக்கிற பழக்கம் இல்லை போலிருந்தது. ஆபீசை ஒரு சுற்றுச் சுற்றினார். பீரோவுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். காலையில்தான் எலிக்காரர் அங்கே வயிற்றால் தேய்த்துத் துடைத்திருந்ததால் விரல் சுத்தமாக வெளியே வந்தது.

"பரவாயில்லையே" என்றார்.

"நம்ம கட்டிடத்துக்குள்ள எலி கால் வெச்சதில்லீங்க மேடம்" என்று எலிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "பக்கத்துத் தெரு எலிகூட நம்ம பலகையைப் பாத்துட்டுச் சுத்திக்கிட்டுத்தான் போகும்."

மாமியார் டீ கொண்டு வந்தார். சின்னவன் கதவோரம் நின்றான். மருமகள் படிக்கட்டருகே, வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி அம்மா உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டீயை ஒரு வாய் குடித்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேனேஜருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. பீரோவின் மேலிருந்து தொம்மென்று குதித்து, நேரே வந்து, அந்தக் கறுப்புப் பையின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வசதி செய்துகொண்டது.

"அட, பூனை!" ஆஸ்பத்திரி அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. தலையைத் தடவினார். மேனேஜர் கொஞ்ச நேரம் தடவக் கொடுத்துவிட்டு, போதும் என்று இறங்கிப் போயிற்று.

கறுப்புப் பையின் நட்டநடுவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அது நீண்டது. சுருங்கியது. நடந்தது.

"இது என்ன?" என்றார் ஆஸ்பத்திரி அம்மா.

"நாய்க்குட்டி..." என்று எலிக்காரர் ஆரம்பித்தார்.

"நான் உங்களைக் கேக்கல. டாக்டர் இருக்காங்கன்னு சொன்னீங்களே, இந்தப் பொண்ணுதானே? நீ சொல்லும்மா."

மாமனார் அவளைப் பார்த்த பார்வையில் இரண்டு கையும் எடுத்துக் கும்பிடுவது மட்டும்தான் பாக்கி. மருமகள் ஒரு துண்டுக் காகிதத்தால் அதை எடுத்தாள். பையைத் துடைத்தாள்.

"நாடாப்புழு மேடம். பூனை வயித்துலேருந்து வருது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, கையை மட்டும் கழுவிடுங்க."

"பூனைக்கு இது எப்படி வரும்?"

போச்சு. அந்த அம்மா கேட்டே விட்டார்.

"எலி தின்னா வரும்" என்றாள் மருமகள்.

எலிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்தப் பூனை வெளிய போகுமா?"

"போகாது மேடம்."

"அப்ப எலி இங்கதான் இருக்கு."

"இல்லீங்க!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. சின்னவன். முகம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "அது நம்ம வீட்டு எலி இல்ல. எங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல மேடம். அது... அது கஸ்டமர் எலி."

"என்னடா உளர்றே?" என்றார் எலிக்காரர்.

"பொறியில விழற எலியைக் கொல்லணும்னு நீங்க சொல்றீங்க. என்னால முடியலப்பா. கூண்டுக்குள்ளேருந்து அது என்னையே பாக்குது. மீசையை ஆட்டுது. நான் எப்படிப்பா...? முதல்ல காலி மனையில கொண்டு போய் விட்டேன். எலிக்காரன் வண்டியே எலியைக் கொண்டு வந்து கொட்டுதுன்னு அங்க இருக்கறவங்க அடிக்க வந்துட்டாங்க. அதுக்கப்புறம் வண்டியில வீட்டுக்குக் கொண்டு வந்து, மேனேஜர் முன்னாடி கூண்டைத் திறந்து விட்டுடுவேன். நான் வெளிய வந்து காதைப் பொத்திக்கிட்டு நிப்பேன்."

பரம்பரை எலிக்காரர். அவர் மகனுக்கு எலியைக் கொல்லக் கை வராதாம். ஒரு பக்கம் ஓங்கி அறையலாம் போலிருந்தது. இன்னொரு பக்கம், தன் கட்டிடத்தில் எலி இல்லை என்ற நிம்மதியில் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கிக்கொண்டே நின்றார்.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்த மனுஷனைச் சோம்பேறி என்றுதானே நினைத்தோம்? எலியைக் கொல்ல முடியாமல் தவித்திருக்கிறான். அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். பைத்தியக்காரன் என்று மனசுக்குள் திட்டினாள். அவ்வளவு பிரியமாக அவனை அவள் அதுவரை திட்டியதில்லை.

"நான் சொன்னேனே, என் பூனை சிங்கம்னு!" என்று மாமியார் மட்டும் விஷயத்தின் முக்கியமான பாகத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி அம்மா சிரித்தார். சிரிக்கத் தெரியாது என்று நினைத்தவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தார்.

"கொண்டு வந்ததையெல்லாம் பூனையே தின்னுடுச்சா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தி... தின்னுடுச்சுங்க. எங்க தப்பிக்கும், கதவைச் சாத்திட்டுத்தானே விடுவேன்" என்றான் சின்னவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி. பொறியில எலி விழுதுங்கறதாவது தெரிஞ்சுது. இனிமே எலியை முடிக்கற வேலை உங்க பொறுப்பு" என்று எலிக்காரரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஒப்பந்தம் கேட்டு வர்றவங்க எல்லாரும் கூசாமப் பொய் சொல்றாங்கம்மா. உனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் நீ உள்ளதைச் சொன்னே. உன் மாமனார் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன். ஆஸ்பத்திரியில எலி இருக்கா, இல்லையான்னு இந்தப் பொண்ணு வந்து பாத்துச் சொல்லணும். இவ வார்த்தையைத்தான் நான் நம்புவேன்."

எலிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ரூம் இல்லை என்றவர், அப்புறம் பொய் சொன்னால் ரூம் என்றவர், இப்போது சின்னவன் சட்டைப் பைக்குள் தானே கையை விட்டுச் சாவியை எடுத்தார்.

"இந்தாம்மா. உன் ரூம். என் மானத்தைக் காப்பாத்தினே."

"அப்பா, பெயிண்ட்..." என்றான் சின்னவன்.

"போடா, நீயும் உன் பெயிண்டும்!"

மருமகள் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆபீசிலிருந்து வெளியே வந்து, தெருப் பக்கம் நடந்து, அந்தக் கதவின் முன்னால் நின்றாள். சின்னவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே. மேனேஜரை இந்த ரூமுக்குத் தூக்கிட்டு வந்து விட்டாலும், எல்லா நாளும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சில நாள் ஒண்ணைத் தின்னுட்டுத் தூங்கிடும். சில நாள் வரவே மாட்டேன்னுடும். நான் என்ன பண்றது, அதுங்களுக்குப் பசிக்குமேன்னு கொஞ்சம் ரொட்டி..."

அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

பெயிண்ட் வாசனை இல்லை. வேறு வாசனை. மருந்து அலமாரி வைக்கலாம் என்று அவள் நினைத்திருந்த மூலையில் சாக்கு, சாக்கின் மேல் கிழித்துப் போட்ட காகிதம், காகிதத்தின் நடுவில் பிறந்து கண் திறக்காத குஞ்சுகள், ரோஸ் நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. தாய் எலி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. மேஜை போடலாம் என்று நினைத்திருந்த இடத்தில் இரண்டு பேர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் மேல் ஒருவர் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் அந்தத் தாய் எலியையே பார்த்தாள். அது மீசையை ஆட்டியது.

"அம்மா டாக்டர்!" பின்னால் செருப்புச் சத்தம். ஆஸ்பத்திரி அம்மா. "உன் கிளினிக்கை நானும் பாத்துட்டுப் போறேனே. என் வீட்ல ஒரு கிழட்டு நாய் இருக்கு, இனிமே உன்கிட்டதான் கூட்டிட்டு வரப்போறேன்."

மருமகள் கதவைச் சாத்தினாள். சாத்தி அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். உள்ளே ஏதோ தகரம் உருண்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து கீச் கீச் என்று ஒரு குடும்பமே பேசிக்கொண்டது. சின்னவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் பெண்டாட்டிக்குக் கேட்டால் உள்ளதைத்தான் சொல்லத் தெரியும்.

"உள்ள யாரும்மா?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி அம்மா.

மருமகள் புருஷன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"பேஷண்ட்ஸ் மேடம்" என்றாள். "பிரசவக் கேஸ். இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்கு."